வராதம்மாவும் ஏழு ஆப்பிள்களும்

நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தப் பெண்மணியின் கையில் ஒரு பேனாவையும் ஒரு கட்டு மஞ்சள் அட்டையையும் கொடுத்தார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதுதான் தகுதி. பழக்கன்றுகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று முதலாளி கேட்டார். ஒன்றும் தெரியாது என்று இவர் சொன்னதும் முதலாளியின் முகம் மலர்ந்தது. தெரிந்தவர்களை வேலைக்கு வைத்து அவர் நிறையவே பட்டிருந்தார்.

அந்த நர்சரியில் மனிதர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அந்தச் சிரமத்தை அட்டைகள் ஏற்றுக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மாமரம் நின்றது. பழம் முழுக்க நார், கொட்டைப் பக்கம் புளிப்பு. ஒரு வருடம் காய்த்துவிட்டால் மறு வருடம் முழுச் சம்பளத்தோடு ஓய்வு எடுத்துக்கொள்ளும். அதன் குச்சிகளை வெட்டி ஒட்டுக்கட்டிய கன்றுகள் வெயில் காலத்தில் 'தேன்குடம்' என்ற பெயரில் விற்றன. மழைக்காலத்தில் 'ராஜசுகம்'. கார்கள் வரிசையாக வந்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'கோல்டன் ஹனி'. மரம் காய்க்க நான்கு வருடம் ஆகும், அதற்குள் வாங்கியவர் வீடு மாறிவிடுவார் அல்லது மறந்துவிடுவார், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும் நடக்கும் என்பது முதலாளி இருபது வருட அனுபவத்தில் கண்டுபிடித்த விவசாய விஞ்ஞானம்.

மறக்காத ஒருவர் வந்தார். கணக்கு டீச்சர். ஒரு மாம்பழத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கூடவே நாலரை வருடத்துக்கு முந்தைய மஞ்சள் அட்டையும் இருந்தது. முதலாளி பழத்தை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். உங்கள் வீட்டு மண் அப்படிப்பட்டது, சில மண் பழத்தின் குணத்தையே மாற்றிவிடும் என்று வருத்தத்தோடு சொன்னார். டீச்சர் அவரிடம் சண்டை போடவில்லை. அட்டை எழுதுகிறவர் பக்கம் திரும்பி, பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுபோலக் கேட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா டீச்சர்."

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருக்கும். அந்த 'நல்லா இருக்கு' மட்டும் அட்டை எழுதுகிறவரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். எந்தத் தாய்மரத்துக் குச்சி, எந்த வேர்ச்செடியில், என்றைக்கு ஏறியது, யார் வீட்டுக்குப் போனது என்று அதில் எழுத ஆரம்பித்தார். அட்டையில் முதலாளி சொன்ன பெயர், நோட்டில் மரத்தின் நிஜப் பெயர். இந்த இரட்டைக் குடித்தனம் ஒன்பது வருடம் நடந்தது.

கூடவே நாக்கும் வேலைக்குச் சேர்ந்தது. நர்சரியில் இருந்த அறுபத்துமூன்று தாய்மரங்களிலும் எது பழுத்தாலும் ஒன்றை அறுத்துத் தின்று பார்த்து எழுதுவார். 'இனிப்பு பரவாயில்லை. தோல் கனம். மூன்றாம் நாள் காம்பில் அழுகுகிறது.' 'பூக்கும்போது மழை பெய்தால் மொத்தமும் கொட்டிவிடும்.' 'பார்க்க ராஜா. தின்ன வைக்கோல்.' வீட்டில் கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், சந்தேகப் பேர்வழியல்ல. ஆனாலும் தினமும் சாயங்காலம் பசியில்லை என்று சொல்லும் மனைவியைப் பார்த்து, அங்கே சம்பளத்தைப் பழமாகவே கொடுக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டார்.

விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் மச்சான், நம்பிக்கைக்கு இலக்கணமான ஆள், எதிர்ப்புறத்திலேயே தனியாக ஒரு நர்சரி திறந்தார். தொட்டிக்குப் பின்னால் நின்ற அதே மாமரத்தின் குச்சிகளோடு. வேறு வழியில்லாமல் முதலாளி அட்டை எழுதும் அம்மாளை விற்பனைக்கு நிறுத்தினார். அவர் எடுத்த முடிவுகளிலேயே மிகவும் மலிவானது அதுதான் என்று அப்போது நினைத்தார்.

முதல் நாளே ஒரு பல் டாக்டர் வந்து ஒரே ஒரு பட்டர் ஃப்ரூட் கன்று கேட்டார். ஒன்று வைத்தால் அவ்வளவாகக் காய்க்காது என்றார் இவர். அந்த மரத்தில் ஒரு பூ இரண்டு முறை திறக்கும், முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. காலையில் பெண்ணாகத் திறக்கும் ரகம் ஒன்று, மதியத்துக்கு மேல் திறக்கும் ரகம் ஒன்று, இரண்டையும் அருகருகே வைத்தால்தான் காய் பிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். டாக்டர் கேட்டுக்கொண்டார். தான் செடி வாங்க வந்ததாகவும், வரன் பார்க்க வரவில்லை என்றும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கன்றை எதிர்க்கடையில் வாங்கிப் போனார்.

அடுத்து ஒரு அம்மாள் செர்ரி கேட்டார். வீட்டு கேட்டுக்கு அடித்திருக்கும் பெயிண்டுக்கு அந்தச் சிவப்பு பொருத்தமாக இருக்குமாம். இந்த வெயிலுக்கு வராது என்றார் இவர். மாடியில் டிரம்மில் பலா வளர்க்க வேண்டும் என்றவரிடம் டிரம் தாங்கும், மாடி தாங்காது, வராது என்றார். கிணற்றோரம் சொதசொதவென்று இருக்கும் இடத்தில் பப்பாளி வைக்க வேண்டும் என்றவரிடம் வேர் அழுகிப்போகும், வராது என்றார். மாதம் முடிவதற்குள் 'வராதம்மா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு ரேஷன் அட்டைக்கு மட்டும் பயன்பட்டது.

ஜனங்கள் உண்மையைக் கேட்டு மனம் மகிழ்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். அவர்கள் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே எல்லாமே வந்தது. முதலாளி ஒருநாள் வராதம்மாவை உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஏம்மா, செடி வாங்க வர்றவங்க செடிக்கா வர்றாங்க? ஒரு ஆசைக்கு வர்றாங்க. அதைக் கொஞ்சம் கையில கொடுத்து அனுப்பினா உனக்கு என்ன?"

"நாலு வருஷம் தண்ணி ஊத்துவாங்களே ஐயா" என்றார் வராதம்மா.

முதலாளி எழுந்து போய் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இந்த நேரத்தில்தான் எஞ்சினியர் வந்தார். பாலம் கட்டும் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் வாங்கியிருந்தார். இதுவரை தன் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை என்பது அவர் நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது. அவருக்கு இருநூறு ஆப்பிள் கன்றுகள் வேண்டும். குளிரே தேவைப்படாத புது ரகமாம். போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் ஒருவர் பனியன் போட்டுக்கொண்டு வியர்வையோடு ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார். பனியன்தான் ஆதாரம்.

வராதம்மா வீடியோவை முழுதும் பார்த்தார். பிறகு சொன்னார், ஆப்பிள் மரம் குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்க வேண்டும், தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும், இங்கே வருடம் முழுக்க வெயில் அடிப்பதால் எப்போது தூங்குவது என்றே அதற்குத் தெரியாது.

"இது குளிர் கம்மியா கேக்கற ரகம்மா. நீங்க படிக்கலை போல" என்றார் எஞ்சினியர்.

"கம்மியா கேக்குது சார். கொஞ்சமாவது கேக்குதில்ல. நம்ம ஊர்ல அந்தக் கொஞ்சமும் இல்லையே. வராது சார்."

"பாலம் கட்டும்போதும் இப்படித்தான் வராதுன்னு சொன்னாங்க."

"பாலம் பூக்க வேண்டியதில்லை சார்."

எஞ்சினியரின் காது மடல் சிவந்தது. நேராக முதலாளியின் அறைக்குள் போனார். பத்து நிமிடத்தில் இருநூறு கன்றுக்கும் சேர்த்துப் பேச்சு முடிந்தது. மறுநாள் முதல் வராதம்மாவுக்கு எரு மேட்டில் வேலை. சாணமும் இலைதழையும் மக்கும் இடம். அங்கே வாடிக்கையாளர்கள் யாரும் வருவதில்லை, மண்புழுக்களுக்கு எதிர்காலம் பற்றிய ஆசைகளும் கிடையாது.

எஞ்சினியர் ஆப்பிள் வளர்த்த கதை நர்சரி வண்டிக்காரர் மூலமாக எரு மேட்டுக்கு வந்து சேர்ந்தது. நூல் பிடித்து நேர்கோட்டில் குழி தோண்டினாராம். ஒவ்வொரு கன்றுக்கும் தகரத்தில் நம்பர் மாட்டினாராம். ஒரு வருடம் ஆகியும் கன்றுகள் இலையைக் கொட்டாமல் பச்சைப் பசேலென்று நின்றன. குளிர் போதவில்லை என்று முடிவு செய்தவர் மீன் சந்தையிலிருந்து ஐஸ் கட்டி வரவழைத்து வேரைச் சுற்றிக் கொட்டினார். ஆப்பிளுக்குக் குளிர் கிடைத்ததோ இல்லையோ, சுற்றுவட்டாரப் பூனைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. மூன்று வாரம் அவை மரத்துக்கு ஒன்றாகக் காவல் காத்து, ஏமாந்து, கலைந்து போயின. கறையான் நாற்பது கன்றுகளை எடுத்துக்கொண்டது. மழைத்தண்ணீர் தேங்கி இன்னொரு அறுபது போயிற்று. நம்பர் தகரங்கள் மட்டும் ஒன்றுகூடச் சாகவில்லை.

மூன்றாம் வருடம் அவருக்கு யாரோ ஒரு வழி சொன்னார்கள். மரம் தானாக இலை கொட்டாவிட்டால் நாம் பறித்துவிட வேண்டும். கையால், ஒவ்வொரு இலையாக. ஆள் வைத்துச் செய்தால் மொட்டு ஒடிந்துவிடும் என்று பயந்து எஞ்சினியரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பறித்தார். பத்தொன்பது நாள். இதை வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னபோது வராதம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வயதில் அவர் எத்தனை மரத்துக்குப் பறித்தார் என்று மட்டும் விசாரித்தார்.

பதினோரு மரங்கள் பூத்தன. ஏழு காய் நின்றது.

ஏழும் பழுத்ததும் எஞ்சினியர் விழா எடுத்தார். பந்தல் போட்டு ஐம்பது நாற்காலி. பழைய இலாகா நண்பர்கள், உறவினர்கள், கழுத்தில் கேமராவோடு ஒரு நிருபர். முதலாளிக்கு முன்வரிசை. 'அந்த அம்மா கண்டிப்பா வரணும்' என்று எஞ்சினியர் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி தன் காரிலேயே வராதம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் வாயைத் திறக்க வேண்டாம், பழத்தைத் தின்ன மட்டும் திறந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் எலுமிச்சையைவிடச் சற்றே பெரிதாக ஏழு ஆப்பிள்கள் இருந்தன. ஆறை, பாட்டரி விளக்கு வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி ஐம்பது பேருக்குப் பகிர்ந்தார்கள். ஏழாவதை எஞ்சினியர் முழுசாக எடுத்துக்கொண்டு வந்து வராதம்மாவின் கையில் வைத்தார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இரண்டரை வருடமாக அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்த நிமிடம் அது. என்ன சமாதானம் சொன்னாலும் மடக்குவதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார்.

வராதம்மா அதைத் தின்றார். அவசரப்படாமல், தோலோடு, விதை வரைக்கும். விதைகளை உள்ளங்கையில் துப்பி எண்ணினார்.

"வந்திருக்கு சார். வராதுன்னு நான் சொன்னது தப்பு" என்றார்.

முன்வரிசையில் முதலாளி மூச்சு விட்டார். எஞ்சினியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டைக்கு வந்த இடத்தில் எதிராளி சரணடைந்துவிட்டால் கத்தியை எங்கே வைப்பது? குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"சொல்லட்டுமா சார்?"

"சொல்லுங்க."

"புளிப்பாவும் இருக்கு, பஞ்சு மாதிரியும் இருக்கு. ரெண்டும் ஒரே பழத்துல நான் பார்த்ததில்லை. ஆனா பத்தொன்பது நாள் இலை பறிச்சீங்களே, அதை வேற யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க."

எஞ்சினியர் தலையை ஆட்டினார். தன் பங்கு ஆப்பிள் துண்டை அவர் இன்னும் வாயில் போடவில்லை என்பதை வராதம்மா அப்போதுதான் கவனித்தார்.

கை கழுவ வராதம்மாவை மோட்டார் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனவர் எஞ்சினியரின் மனைவி. இந்தத் தோட்டம் வந்த நாளிலிருந்து கணவரிடம் ஆப்பிளைத் தவிர வேறு பேச்சுக் கேட்டறியாதவர். கொட்டகைக்குப் பின்னால், குழாய் ஒழுகி எப்போதும் சேறாகக் கிடக்கும் இடத்தில், கோணல்மாணலாக ஒரு கொய்யா மரம் நின்றது. யாரும் வைத்ததல்ல. கிளையெல்லாம் காய். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் துடைத்து ஒரு பழத்தைக் கொடுத்தார்.

"ஆப்பிள் மேல நிழல் விழுதுன்னு இதை ரெண்டு தடவை வெட்டிட்டாரு. மறுபடி துளிர்த்துக்கிச்சு. இங்க வேலைக்கு வர்றவங்களும் நானும் மத்தியானம் இதைத்தான் திங்கறோம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

வராதம்மா கடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் கடித்தார். கொட்டை நிறைய இருந்தது, பல்லில் மாட்டியது. ஆனால் இனிப்பு அடி நாக்கு வரை போனது. சேற்றில் காலை வைத்து அழுத்திப் பார்த்தார், கணுக்கால் வரை உள்ளே போனது. வருடத்தில் எத்தனை மாதம் காய்க்கும், மழையில் புழு விழுமா, வெட்டிய பிறகு எத்தனை மாதத்தில் காய்த்தது என்று கேட்டு, பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினியர் வந்து நின்றார். மனைவியின் வாய் நிறையக் கொய்யா. மறைக்க வழியில்லை.

அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மூவருக்கும்தான் தெரியும். வெளியே வந்தது இவ்வளவு. எஞ்சினியர் ஒரு பழம் தின்றார். பிறகு கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பந்தலில் ஐம்பது பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் நிருபரை அனுப்பித் தேட வேண்டியதாயிற்று.

வராதம்மா உடனே பதியன் போட்டுவிடவில்லை. முழுதாக ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அந்த மரத்தைப் பார்த்தார். கோடையில் பழம் சிறுத்தாலும் உதிரவில்லை. அடைமழையில் பத்துக்கு இரண்டில் புழு. அதன் பிறகுதான் விரல் கனக் கிளைகளில் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய்நாரை வைத்துப் பாலித்தீனில் கட்டினார். முப்பது கட்டினார், இருபத்தாறு வேர் விட்டது. தண்ணீர் தேங்கி ஆப்பிள் செத்த பள்ளத்தில் அவற்றை நட்டார்கள். நூல் பிடித்து, நேர்கோட்டில்தான். அந்த விஷயத்தில் எஞ்சினியர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் வருடமே காய்த்தது. மீதி ஆப்பிள் மரங்களில் பூக்காதவற்றை அவரே வெட்டினார். பூத்த பதினோரு மரங்களை வைத்துக்கொண்டு இன்றும் வருடாவருடம் இலை பறிக்கிறார். காய் எட்டைத் தாண்டவில்லை.

நர்சரிக்கும் அந்தக் கொய்யா வந்தது. வராதம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு தானாகவே ஒரு அட்டை எழுதினார். 'கொய்யா. சேற்றிலும் வரும். கொட்டை அதிகம். மழையில் புழு விழும்.' முதலாளி இதைப் படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வரிசையில் அதே கன்றுகளுக்கு 'ரூபி எம்பரர்' என்று வேறு ஒருவரைக் கொண்டு அட்டை எழுதி வைத்தார், இரட்டை விலையில். எம்பரர்தான் முதலில் தீர்ந்தார்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று வராதம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வேலையிலிருந்து நின்றார். கோபமில்லை. கண் கொஞ்சம் மங்கியிருந்தது, வயதும் ஐம்பத்தாறு ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருந்தது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் எஞ்சினியர், வராதம்மாவின் கணவர் வேலை பார்க்கும் அச்சகத்திலேயே விசிட்டிங் கார்டு அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். 'பழப்பயிர் ஆலோசகர்.' தோட்டத்தைப் பார்க்க வருவதற்குக் கட்டணம் உண்டு என்று கீழே தடித்த எழுத்து. இலவசமாகச் சொன்னபோது சாலையைக் கடந்து ஓடிய அதே ஜனங்கள் இப்போது முன்கூட்டியே போன் செய்து, கார் அனுப்பி அழைத்துப் போய், 'வேண்டாம்' என்பதைக் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். எதிர்க்கடை மச்சான்கூட ஒருமுறை அழைத்தார். தன் சொந்தத் தோட்டத்தில் என்ன வைப்பது என்று கேட்பதற்கு.

ஏழு ஆப்பிளுக்குப் பிறகு வராதம்மா 'வராது' என்ற சொல்லை விட்டுவிட்டார். கொண்டுவர முடியாதது எதுவும் இல்லை என்பதை வாயால் தின்று பார்த்தவர் அவர். இப்போது, "வரும் சார். வந்து என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து யோசித்தவர்கள் பாதிப்பேர் வேறு மரம் வைத்தார்கள். மீதிப்பேர் தாங்கள் நினைத்ததையே வைத்தார்கள், ஆனால் அவர்மேல் வருத்தமில்லாமல்.

போன வாரம் ஒரு புது பங்களாவுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் வரிசையாக இருபது பட்டர் ஃப்ரூட் வைக்க வேண்டும் என்றார், இரண்டு ரகமும் வாங்கித் தயாராக வைத்திருந்தார், படித்தவர். வராதம்மா மண்ணைக் கையில் எடுத்து உருட்டினார், அது களிமண் உருண்டையாகவே நின்றது. இரண்டடிக் குழி ஒன்று வெட்டச் சொன்னார். அதில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார், தண்ணீர் தேங்கி நின்றால் பட்டர் ஃப்ரூட்டின் வேர் அழுகிவிடும். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குழி ஓரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அரைமணி நேரம் கழித்து வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு ஒரு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். தண்ணி இறங்கற வரைக்கும்."

வீட்டுக்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இருந்தது, மேலே அவர் முகம் தெரிந்தது. வராதம்மா கால் நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.